அர்மஸ் பெரலாவின் சூடான கூரை

“என் வீட்டுச் சூடு என்கிட்ட உத்தரவு வாங்காம வெளிய போகாது” என்று அர்மஸ் பெரலா தேவாலயத்தின் அடித்தளத்தில், காபி குடித்துக்கொண்டிருந்த பதினோரு பேர் சாட்சியாக அறிவித்தது 1986 அக்டோபரில். நானும் அங்கே இருந்தேன். யாரும் மறுக்கவில்லை. அவர் கொண்டுவந்த ஏலக்காய் ரொட்டி எங்கள் எல்லோர் வாயிலும் இருந்தது.

அர்மஸ் இருபத்தெட்டு வருடம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பனியைப் பற்றித் தமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது அவர் கருத்து. பனியின் கருத்தை அவர் கேட்டதில்லை. சுரங்கக் கம்பெனி ஒரே அச்சில் வார்த்த எங்கள் தெரு வீடுகளில், சரிந்த கூரையிலிருந்து ஒரு சன்னல் மாடம் தனக்கென்று ஒரு குட்டிக் கூரையோடு வெளியே எட்டிப் பார்க்கும். அந்த மாடத்துக்குக் கீழேதான் அர்மஸும் அவர் மனைவி லெம்பியும் படுக்கும் கட்டில்.

அந்த வருடக் கோடையிலேயே அர்மஸ் மாடத்தைச் சுற்றியிருந்த இருட்டு இடுக்குக்குள் தவழ்ந்து போய், சூட்டை வெளியே விடாத கண்ணாடிப் பஞ்சைப் பத்தொன்பது சுருள், கூரைப் பலகை முட்டத் திணித்தார். கூரை விளிம்பில் காற்றுக்காக விட்டிருந்த ஓட்டைகளையும் விடவில்லை. “ஓட்டைன்னு இருந்தா குளிர் வரும். இதுக்கு இஞ்சினியர் வேணுமா?” பக்கத்து அறையில் தாமே கட்டிய சௌனா என்ற நீராவிக் குளியல் அறையின் ஆவிக் குழாயையும் அதே இடுக்குக்குள் திருப்பிவிட்டார். பாடுபட்டுச் சூடாக்கிய காற்றை ஆகாயத்துக்குத் தானம் செய்ய அவர் என்ன பைத்தியமா?

ஜனவரியில் எல்லார் கூரையிலும் இரண்டடிப் பனி. அர்மஸின் சன்னல் மாடம் மட்டும் மத்தியானத்துக்குள் வழுக்கையாகிவிடும். தெருவில் நின்று போவோர் வருவோருக்கெல்லாம் அதைக் காட்டினார். உருகிய தண்ணீரோ வழிந்து வந்து, குளிர்ந்த விளிம்பில் உறைந்து, அணையாக எழும்பியது. அணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் போக வழியில்லாமல் ஓட்டுக்கு அடியில் புகுந்து, லெம்பியின் தலையணையில் சொட்டியது.

அர்மஸ் கோடரியால் வெட்டினார். பனிக்கட்டியோடு நான்கு ஓடுகளும் போயின. லெம்பி தேவாலயத்துக்குப் போட்டுப்போகும் நீளக் காலுறைகளில், பனிக்கட்டியைக் கரைக்கவென்று உப்பை நிரப்பி விளிம்பில் கிடத்தினார், ஆறு ஜோடி. தெருவே அண்ணாந்து பார்த்தது. பிறகு கட்டிலை நகர்த்தினார். சொட்டும் நகர்ந்தது.

“கட்டில் இப்ப கதவுக்கு வெளிய கால் நீட்டிக்கிட்டிருக்கு. அடுத்தது எங்க, ரோட்டுக்கா?” என்றார் லெம்பி.

“பொறு. காத்து திசை மாறட்டும்.”

“ஆறு வாரமா சோபாவுல முதுகு ஒடியுது. ஞாயித்துக்கிழமை அக்கா கார் எடுத்துட்டு வர்றா, நான் அவ வீட்டுக்குப் போறேன். சொட்டு நின்னா சொல்லி அனுப்பு.”

“வசந்தம் வந்தா தானா நிக்கும்.”

“அப்ப நானும் வசந்தத்துல வர்றேன்.”

கல்யாணமான முப்பத்து மூன்று வருடத்தில் லெம்பி பெட்டி எடுத்தது அதுதான் முதல் தடவை. சனிக்கிழமை காலையில் அர்மஸ் ஏணி மேல் நின்று, பனிக்கட்டியை ஜென்ம விரோதியாகப் பாவித்து வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு நோர்மா, பள்ளி பஸ் ஓட்டுபவர், வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தார். அவர் வீடும் அதே அச்சுத்தான். மாடத்தின் மேல் பனி மெத்தையாகக் கிடந்தது. விளிம்பில் ஒரு பனிக்கட்டி விழுதுகூடத் தொங்கவில்லை.

“அர்மஸ், உன் கூரைக்கு ஜுரமா?”

“உன்னுதுதான் அழுக்கா கிடக்கு. என்னுது பார், துடைச்ச மாதிரி.”

“என்னுதுல பனி உருகல, அதனால கட்டியும் இல்ல. சூடு அறையோட நிக்கணும்யா. கூரைப் பலகை வெளிக்குளிர் மாதிரியே ஜில்லுன்னு இருக்கணும். விளிம்பு ஓட்டையில காத்து நுழைஞ்சு, பஞ்சுக்கு மேல ஓடி, உச்சியில வெளிய போகணும். ஆமா, உன் சௌனாக் குழாய் எங்க போகுது?”

“அது வேற விஷயம்.”

“எங்க போகுது?”

அர்மஸ் சொன்னார். நோர்மா மண்வெட்டியை ஊன்றிச் சாய்ந்துகொண்டார்.

“அப்ப வாராவாரம் உன் கூரையையும் சேர்த்துக் குளிப்பாட்டுற.”

பனி தள்ளியே மூப்படைந்த மனிதருக்கு பஸ் ஓட்டுகிறவர் பாடம் எடுக்கும் காலம் வந்துவிட்டதை நொந்தபடி அர்மஸ் மாடி ஏறினார். லெம்பி இரவு உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். அர்மஸ் டார்ச்சை எடுத்துக்கொண்டு சுவரிலிருந்த சின்னக் கதவு வழியாக இடுக்குக்குள் தவழ்ந்தார். ஈரத்தில் ஊறிய பஞ்சை இழுத்து வெளியே போட்டார்; பிணமாய்க் கனத்தது, கழுத்தெல்லாம் அரிப்பு. பக்கச் சுவரை அறுத்துக் குழாயை வெளியே விட்டார். அறையிலிருந்து சூடு கசிந்த விரிசல்களைப் பூசி அடைத்தார். நனையாத பஞ்சை மட்டும் திரும்ப வைத்து, கூரைப் பலகையைத் தொடாதபடி மெல்லிய சட்டங்களை அடித்தார். சட்டங்கள் நோர்மா கொடுத்தவை. கேட்டு வாங்கியது லெம்பி.

மிச்சம் விளிம்பு ஓட்டைகள். முதல் ஓட்டையில் தம் கையாலேயே திணித்த பஞ்சை இழுத்ததும், ஊரோரத்துப் பெரிய ஏரியின் காற்று நேராக முகத்தில் அறைந்தது.

சின்னக் கதவில் லெம்பியின் தலை தெரிந்தது. “என்னய்யா, சத்தத்தையே காணோம். அக்காவை வரச் சொல்லவா, வேணாம்னு சொல்லவா?”

அர்மஸ் ஓட்டையை உள்ளங்கையால் பொத்தினார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

“இடுக்கியைக் கொடு. இன்னும் ஏழு ஓட்டை இருக்கு” என்றார். “நல்லாத்தான் குளிருது.”