செட் என்ற சொல்லுக்கு நான் சொன்ன வேர்

வாசகரே, சாட்சிக் கூண்டில் ஏறி நில்லுங்கள். குற்றவாளியைத் தேட வேண்டாம். இதை எழுதுபவனே அவன்.

மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறிய அரங்கில் அன்று பட்டிமன்றம். கடன் சொற்கள் தமிழுக்கு வரவா, சுமையா என்பது தலைப்பு. வரவு என்ற அணியின் கடைசிப் பேச்சாளன் நான். மேடைப் பயிற்சியில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கைதட்டல் விழ வேண்டிய இடங்களைக் குறிப்புத் தாளில் சிவப்பு மையால் கோடிட்டுக்கொள்வோம். கோடு வந்ததும் பேச்சை நிறுத்தி, கூட்டத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு கோடாவது வேண்டும். என் தாளில் நான்காம் நிமிடம் வெறுமையாகக் கிடந்தது. அரங்குக்கு வரும் வழியில், ஆட்டோவில் உட்கார்ந்தபடி முதலில் கோட்டைப் போட்டேன். அதற்கு மேலே எழுத வேண்டிய வரியைப் பிறகுதான் யோசித்தேன்.

வரி இதுதான்: “நகை செட் என்கிறோம், மைக் செட் என்கிறோம். கடல் கடந்து போனபோது அதன் பெயர் சேத்து. திரும்பி வந்தபோது செட்.” சேர்த்து என்பதைத்தானே நாம் சேத்து என்கிறோம் என்று விளக்கமும் சொன்னேன். கோட்டில் நின்றேன். அரங்கு அதிர்ந்தது. நடுவரே மேசையைத் தட்டினார். எங்கள் அணி வென்றது. அந்த வேரை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. காதுக்குப் பொருந்தியது, பொருந்தியதால் நம்பினேன்.

கூட்டம் கலைந்ததும் மைக் செட் போட்டிருந்தவர் வயரைச் சுற்றிக்கொண்டே என்னிடம் வந்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். வடபழனியில் கடை வைத்திருப்பவர். கடைக்குப் புதுப் போர்டு எழுதப் போவதாகவும், மைக்கும் இங்கிலீஷ், செட்டும் இங்கிலீஷ் என்று பக்கத்துக் கடைக்காரர் கிண்டல் செய்வதாகவும் சொன்னார். “நீ சொன்ன மேட்டர போர்டுலயே எழுதிடுறேன் தலைவா. நல்ல தமிழ்ல ஒரு வரி குடு. கீழ உன் பேரும் போட்டுடலாம்.”

என் பெயர், ஒரு கடையின் நெற்றியில். அங்கேயே, ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் தாளை வைத்து எழுதிக் கொடுத்தேன்.

பெயர் ஏறப்போகிறதென்றால் ஆதாரமும் கூட இருப்பது அழகு என்று தோன்றியது. அந்த வாரம் முழுவதும் அந்தச் சொல்லைத் துரத்தினேன். தியாகராய நகர் நகைக்கடையில் கம்மலையும் நெக்லஸையும் வளையலையும் வரிசையாக அடுக்கி, செட்டாக எடுங்கள் என்றார் விற்பனைப் பெண். அடையாறில் செட் தோசை கேட்டேன்; மூன்று தோசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அதுவரை என் சேத்து செம்மையாகவே நின்றது. கோடம்பாக்கம் வழியாகப் போன பேருந்தில் ஒரு தச்சர், படப்பிடிப்புக்காக மூன்று வாரம் அடித்த அரண்மனை செட்டை நேற்று ஒரே பகலில் பிரித்துவிட்டார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் குறைபட்டார். என் புதுச் சட்டையைப் பார்த்த நண்பனோ, “இந்தக் கலரு உனக்கு செட் ஆவாது மச்சி” என்றான். அரண்மனையில் எதை எதோடு சேர்த்தார்கள்? என் முகத்தோடு நிறம் ஒட்டாததற்கும் மூன்று தோசைக்கும் என்ன உறவு?

நூலகத்தில் தடித்த ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதியை இறக்கினேன். அந்த ஒரு சொல் பக்கம் பக்கமாக நீண்டது. ஒரே எழுத்துக்கூட்டலுக்குள் இரண்டு வம்சங்கள் குடியிருந்தன. ஒன்று பழைய ஆங்கிலத்தில் பிறந்தது; உட்கார வை என்பது அதன் முதற்பொருள். சிமெண்ட் இறுகுவதும், முறிந்த எலும்பை இருந்த இடத்தில் வைத்துக் கட்டுவதும், சூரியன் மேற்கே இறங்கி அமர்வதும் அதன் பிள்ளைகள். மற்றொன்று லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியே வந்தது. பின்தொடர்தல் என்று பொருள். ஒருவரைப் பின்தொடரும் கூட்டம், பிறகு எந்தக் கூட்டமும், பிறகு ஒன்றாகச் சேர்ந்திருக்கும் பொருள்கள். சமயத்தின் உட்பிரிவைக் குறிக்கும் செக்ட் என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வயிற்றில் பிறந்ததுதான். காலப்போக்கில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, எது எவர் பிள்ளை என்று பல இடங்களில் பிரிக்க முடியாமல் போயிற்று.

தச்சரின் அரண்மனை உட்கார வைக்கப்பட்டது; சட்டையின் நிறம் என்மேல் உட்கார மறுத்தது. மூன்று தோசைகள் ஒன்றையொன்று பின்தொடர்ந்தன. வெட்கத்துக்கு முன்னால் எனக்கு மகிழ்ச்சிதான் வந்தது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகே சேத்துவைத் தேடினேன். மூன்று முறை தேடினேன். இல்லை.

சனிக்கிழமை காலை வடபழனிக்குப் போனேன். கடை வாசலில் தகரப் போர்டு சாய்ந்திருந்தது. மேலே மைக் செட் என்று பெரிய எழுத்தில். அதன் கீழே என் வரியை முடித்துவிட்டு, பெயின்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். வரிக்கும் கீழே என் பெயருக்கு ஒரு சாண் இடம் காத்திருந்தது. பேசாமல் திரும்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த ஒரு சாணை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று நினைவில்லை.

“அண்ணா, அந்த வரிய அழிச்சிடுங்க. கைதட்டலுக்காக நானா சொன்னது. புக்குல வேற மாதிரி இருக்கு.”

மைக் செட் கடைக்காரர் என்னையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தார். “இன்னா தலைவா, பெயின்ட் காஞ்சே பூடுச்சு.”

நூலகத்தில் கண்ட இரண்டு வம்சங்களையும் சொன்னேன். தோசைக்கு வந்ததும் பெயின்டர் சிரித்துவிட்டார். கடைக்காரர் சிரிக்கவில்லை. டர்பன்டைனில் துணியை நனைத்து அவரே தேய்க்கத் தொடங்கினார். “இத நான் அழிச்சிடுவேன். அன்னிக்கு கை தட்டுனாங்களே, அவங்க காதுல கீறத யாரு அழிக்கிறது?”

நானும் ஒரு துணியை எடுத்து அவரோடு தேய்த்தேன். வரி மறைந்ததும் அவரே வழி சொன்னார். மறுநாள் மாலை அதே அரங்கில், பட்டிமன்றம் நடத்திய சபையின் அடுத்த கூட்டம், மைக் அவருடையது. நிகழ்ச்சிக்கு முன்னால் எனக்கு இரண்டு நிமிடம் தருமாறு சபைக்காரர்களிடம் தானே கேட்பதாகச் சொன்னார், கேட்டும் விட்டார்.

ஞாயிறு மாலை மேடை ஏறினேன். பாதி நாற்காலிகள் காலி. சென்ற வாரம் கைதட்டிய முகங்கள் சில முன்வரிசையில் இருந்தன. கையில் தாள் இல்லை. நான் சொன்னது தவறு என்பதையும், அகராதியில் கண்டதையும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. ஒரு பெரியவர் மட்டும் தோசையை இன்னொரு முறை சொல்லச் சொன்னார், சொன்னேன். ஓரத்தில் மைக் செட்காரர் ஒலியைச் சற்றுக் கூட்டியது எனக்குக் கேட்டது. அந்த ஒலியில், கடைசி வரிசைக்கும் எட்டும்படி இதைச் சொன்னேன்:

“நூலில் பார்க்காத வேரை இனி எந்த மேடையிலும் சொல்லமாட்டேன். கைதட்டலுக்குரிய இடம் வெறுமையாக இருந்தால், அதை வெறுமையாகவே விட்டுக் கடந்துபோவேன்.”