யோகா டீச்சர் பேசினார்

போன சனிக்கிழமை மத்தியானம், இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் நாற்காலியில் உட்கார்ந்து நான் தூங்கிவிட்டேன்.

தூங்கியதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்ததைச் சொல்லத்தான் வெட்கம். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்க, ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆள், மூக்குக்கண்ணாடியோடு, மடித்து வைத்த குடை மாதிரி... சரி, விடுங்கள்.

இடம், சிட்னியின் மேற்கில் கிரவீன் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். வார நாட்களில் அது ஆங்கிலப் பள்ளி. சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு வாடகைக்குக் கிடைக்கும். ஜனவரி கடைசி. அடுத்த வாரம் பள்ளியின் புது வருடம் தொடங்குகிறது. அதற்கு முன் ஆசிரியர்களைத் 'தயார்' செய்ய ஒருநாள் கூட்டம். ஏ.சி. வாடகையில் சேர்த்தியில்லை. மின்விசிறி ஒன்று தலைக்கு மேல், யோசித்து யோசித்துச் சுற்றியது. வெளியே மரங்களில் சிள்வண்டுகள் விடாமல் ஒரே சுருதி.

இந்த வாராந்தரப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நான் அங்கே தமிழ் கற்பிப்பது தெரியும். என்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் அது இன்னும் சரியாகத் தெரியவில்லை.

கூட்டத்தை நடத்தியவர் எங்கள் அதிபர், அதாவது தலைமையாசிரியர், சாந்தா அக்கா. யாழ்ப்பாணம். வாரம் முழுக்க ஆஸ்பத்திரி லேபில் வேலை, சனிக்கிழமை எங்களோடு. இரண்டில் எது கடினம் என்று நான் கேட்டதில்லை.

அன்றைக்கு முடிவெடுக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான். பெரிய பிள்ளைகளின் வகுப்பு யாருக்கு?

அந்த வகுப்பைப் பல வருடமாக நடத்துகிறவர் யோகா டீச்சர். யோகா என்பது பெயர்; ஆசனமெல்லாம் கிடையாது. அவரும் யாழ்ப்பாணம். போன டிசம்பர் ஆண்டு விழாவில் அவருடைய பிள்ளைகள் மேடையேறி, ஆளுக்கு நாலு வரி தமிழில் சொல்ல வேண்டும். ஏறினார்கள். நின்றார்கள். ஒரு சத்தம் வரவில்லை. ஒருத்தன் "சாரி" என்றான். மற்றவர்கள் அதைக்கூடச் சொல்லவில்லை. அந்த மௌனக் கூட்டத்தில் என் மகள் கயலும் ஒருத்தி.

பெற்றோர்கள் புகார் சொன்னார்கள். வகுப்பை என்னிடம் மாற்றிவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு எழுந்தது. காரணம்? நான் 'எழுத்தாளர்'. நம் சமூகத்தில் இந்தத் தப்பெண்ணம் இன்னும் இருக்கிறது.

"அப்பா, இஃப் யூ டேக் மை கிளாஸ், ஐயம் குவிட்டிங்" என்று கயல் காலையிலேயே அறிவித்திருந்தாள்.

யோகா டீச்சரோ ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. "வகுப்பை நீங்களே எடுங்கோ அண்ணை. எனக்கொரு கோபமும் இல்லை" என்றார். சொல்லிவிட்டு, தான் வீட்டிலிருந்து செய்து கொண்டுவந்த மரக்கறி ரோல்ஸ் டப்பாவை எல்லாரிடமும் நீட்டினார். என்னிடம் வந்ததும் டப்பா மூடிக்கொண்டது.

கோபம் எந்த அளவு என்று புரிந்துவிட்டது.

முதல் நிகழ்ச்சி, கார்த்திக்கின் பவர்பாயின்ட். கார்த்திக் சென்னைப் பையன், வங்கி ஒன்றில் ஏதோ 'மாற்ற மேலாண்மை' செய்கிறான். பள்ளியையும் மாற்றித் தருவதாகத் தானாக முன்வந்தவன். அலுவலக அடையாள அட்டைப் பட்டி கழுத்தில், சனிக்கிழமையும்.

முதல் ஸ்லைடின் தலைப்பு: 'மாணவர் அடைவை உயர்த்துவோம்.'

"அடைவோ?" என்று சாந்தா அக்கா என் காதில் முணுமுணுத்தார். "எங்கட ஊரிலை அடைவு எண்டால் நகையை அடகு வைக்கிற கடையெல்லே."

அடுத்த ஸ்லைடில் சிவப்பு அம்பு ஒன்று. இடது கீழ் மூலையில் புறப்பட்டு, வலது மேல் மூலைக்குப் போனது. கல்வியைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் படித்திருக்கிறேன் — முதல் அத்தியாயங்களை. எல்லாவற்றிலும் இந்த அம்பு உண்டு. அது கீழே போய் நான் பார்த்ததில்லை.

கண்ணை ஒரு நிமிஷம் மூடினேன். அம்பு போய்க்கொண்டே இருந்தது. நானும் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கீழே கிரவீன் கூரைகள், பெண்டில் ஹில் மளிகைக் கடை வாசலில் கறிவேப்பிலைக் கட்டு, கொல்லைப்புறத்து நீச்சல்குளம் ஒன்றின் நீலம். அம்பு தெற்கே திரும்பியது. ஹெலன்ஸ்பர்க் கோயில் கோபுரம் காட்டுக்கு நடுவில் வெள்ளையாக மிதந்து வந்தது. அதன் கீழே எங்கள் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறார்கள். வாய் அசைகிறது. சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே போனால் கேட்கும்... இன்னும் கொஞ்சம்...

"அண்ணை, குறட்டை விடுறியள்."

யோகா டீச்சர். குரலில் கொஞ்சமும் கருணையில்லை.

விழித்தபோது கார்த்திக் ஒரு போஸ்டரைப் பிரித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். போன வருடம் எல்லா வகுப்பிலும் ஒட்டிய அதே வாசகம், இந்த முறை பெரிதாக, கலரில். 'தமிழில் பேசுவோம்!'

"இதை எடுத்துப்போடுங்கோ தம்பி" என்றார் யோகா டீச்சர்.

"ஏன் மேடம்? சிம்பிளா இருக்கே."

"பேசுறது எண்டால் எங்கட வீடுகளிலை என்ன? அம்மா பேசுறது. ஏச்சு. உங்கட ஸ்பீக்குக்கு நாங்கள் கதைக்கிறது எண்டுதான் சொல்லுவம்."

"கதையா? கதைன்னா ஸ்டோரி மேடம். எங்க ஊர்ல 'கதை விடாதே'ன்னா பொய் சொல்லாதேன்னு அர்த்தம்."

"பெரியாக்களுக்கு எல்லாம் விளங்கும், தம்பி. பிள்ளையளுக்கு? போன வருசம் ஒரு பிள்ளை இந்த நோட்டீசைப் பாத்துப்போட்டு என்னட்டைக் கேட்டது: 'ரீச்சர், வை டு வி ஹாவ் டு ஸ்கோல்ட் இன் தமிழ்?'"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. பிறகு, ஒருவர் பின் ஒருவராகச் சிரிப்பை நிறுத்தினோம்.

ஏன் என்றால், அந்தப் பிள்ளை கேட்டதில் பிழையில்லை. எங்கள் வீடுகளில் எப்போது தமிழ் வருகிறது? 'டின்னர் ரெடி' ஆங்கிலம். 'ஹவ் வாஸ் ஸ்கூல்' ஆங்கிலம். கொஞ்சல், 'குட் நைட்', எல்லாம் ஆங்கிலம். பால் பொங்கி வழியட்டும், தரையில் ஈரத்துண்டு கிடக்கட்டும்... அப்போது வருகிறது பாருங்கள் தமிழ்! மடை திறந்தது மாதிரி. யாழ்ப்பாணத்து வீடோ, தஞ்சாவூர் வீடோ, இதில் மட்டும் பேதமில்லை.

சாந்தா அக்கா எழுந்தார். "கதைச்சது காணும், நிப்பாட்டுங்கோ. ரெண்டு பேரும் ஒரு பாடம் எடுத்துக் காட்டுங்கோ. நாங்கள் எல்லாரும் பிள்ளையள். ஆரிட்டை பிள்ளையள் வாய் திறக்குதுகளோ அவைக்குத்தான் வகுப்பு."

முதலில் நான்.

ஒரு மாம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, 'மா' என்ற எழுத்திலிருந்து தொடங்கினேன். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எந்தக் கடல் தாண்டிப் போய் ஆங்கிலத்தில் 'மேங்கோ' ஆனது... பிரமாதமாகத்தான் போனது. வாய் திறந்தவன் நான் ஒருவன்தான் என்பது முடிவில்தான் தெரிந்தது. கடைசி பெஞ்ச் பிள்ளையாக நடித்த கார்த்திக் கையைத் தூக்கினான்.

"டீச்சர், மே ஐ கோ டு த டாய்லட்?"

அவ்வளவுதான் என் அம்பு.

அடுத்து யோகா டீச்சர். சமையலறைப் படம் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். "இது என்ன?"

"கிச்சன்!" என்றோம் எல்லாரும், குழந்தைக் குரலில்.

"தமிழிலை?"

எனக்கு 'சமையலறை' நாக்கு நுனியில் இருந்தது. பக்கத்து நாற்காலியில் சாந்தா அக்கா 'குசி...' என்று தன் ஊர்ச் சொல்லைத் தொடங்கி, என்னைப் பார்த்து நிறுத்தினார். நானும் அவரைப் பார்த்து நிறுத்தினேன். எது சரியோ, எதற்கு வம்பு? பிள்ளைகள் ஏன் மேடையில் வாயை மூடிக்கொண்டார்கள் என்பது எனக்கு அந்தக் குட்டி நாற்காலியில்தான் விளங்கியது.

யோகா டீச்சரின் கையில் படம் மெல்லத் தாழ்ந்தது. முகம் வாடிவிட்டது. டிசம்பர் மேடையைத்தான் நினைத்திருப்பார்.

அந்த நேரம் பார்த்துக் கார்த்திக்கின் போன் அடித்தது. எடுத்தான். "ஆமா, சொல்லுடா மச்சி..."

யோகா டீச்சர் பேசினார். அவர் ஊர் அர்த்தத்தில்.

"தம்பி! உமக்கு எத்தினை தரம் சொல்லுறது? படிப்பிக்கிற இடத்திலை போனைக் கொண்டந்து வைச்சுக்கொண்டு விளையாட்டே? கழுத்திலை பட்டியைக் கொழுவிக்கொண்டு திரிஞ்சால் பெரிய மனுசன் எண்டு நினைப்போ? முதல் அதை நிப்பாட்டிப்போட்டு வந்து கதிரையிலை இரும்!"

கார்த்திக் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்தான். நாங்கள் எல்லாருமே நிமிர்ந்து உட்கார்ந்தோம். மின்விசிறிகூடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றிய மாதிரி இருந்தது.

"குறை நினையாதையும் தம்பி" என்றார் அவர், பதறி.

"இல்ல மேடம்." கார்த்திக்கின் முகத்தில் ஒரு மயக்கம். "வழக்கமா நீங்க சொல்றதுல பாதி எனக்குப் புரியாது. இது ஒரு வார்த்தை விடாம புரிஞ்சுது. எங்கம்மா மாதிரியே..."

யோகா டீச்சர் அவனைப் பார்த்தார். போஸ்டரைப் பார்த்தார். படத்தை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"சரி. இப்ப நான் பிள்ளை. நீங்கள் எல்லாரும் அம்மா அப்பா. நான் புத்தகப் பையை நடுவழியிலை எறிஞ்சுபோட்டு ஐபாட் பாத்துக்கொண்டு இருக்கிறன். எனக்குப் பேசுங்கோ."

"எந்தப் பேசறது மேடம்? உங்க பேசறதா, எங்க பேசறதா?"

"எங்கட பேசுறது!"

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? "பையை எடு முதல்ல!" "அதையே பாத்துட்டு இருந்தா கண்ணு என்னத்துக்காகும்?" "அப்பா வரட்டும், சொல்லுறன்!" "குசினிக்குள்ளை சாப்பாடு ஆறுது, இவ இங்கை மகாராணி மாதிரி..." குசினியா சமையலறையா என்று யாரும் யோசிக்கவில்லை. நிபந்தனை வாக்கியம், எதிர்காலம், உவமை, கேள்வி போலத் தோன்றும் கட்டளை — ஒரு திட்டில் இவ்வளவு இலக்கணமா! நான் வருடம் முழுக்கக் கற்பித்தும் நுழையாத அத்தனையும் அந்த அறைக்குள் பறந்துகொண்டிருந்தது.

"அண்ணை, நீங்களும் பேசுங்கோ" என்றார் யோகா டீச்சர்.

எழுந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாராவாரம் தமிழில் எழுதித் தள்ளுகிறவன். வாயைத் திறந்தேன்.

"எக்ஸ்கியூஸ் மீ" என்றேன். "கேன் வி டாக் அபவுட் திஸ்?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. என்ன செய்ய? எங்கள் வீட்டில் திட்டும் இலாகா முழுக்க என் மனைவியுடையது. நான் சமாதான இலாகா. அங்கே அலுவல் மொழி ஆங்கிலம்.

"வகுப்பு யோகாவிட்டையே இருக்கட்டும்" என்றார் சாந்தா அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா டிசம்பரிலை பிள்ளையள் மேடையிலை வாய் திறக்கோணும்."

"திறப்பினம் அக்கா. என்ன வரும் எண்டதுதான் தெரியேல்லை."

அப்போதுதான் தெற்குக் காற்று வந்தது. சிட்னிக்காரர்களுக்குத் தெரியும் — நாளெல்லாம் வெந்த ஊருக்கு, சாயங்காலத்தில், யாரோ ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்ட மாதிரி வரும். யூகலிப்டஸ் வாசத்தோடு உள்ளே நுழைந்து, திரையை உப்ப வைத்து, கார்த்திக்கின் போஸ்டரைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலில் அறைந்தது. அவன் அதை எடுத்து நீவிவிட்டு, பேனாவால் ஓரத்தில் 'கதைப்போம்' என்று சேர்த்தான்.

யோகா டீச்சர் டப்பாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். ஒரே ஒரு ரோல் மிச்சம். எனக்காகவே வைத்திருந்தாரா, அல்லது யாரும் எடுக்கவில்லையா? நான் கேட்கவில்லை. சில விஷயங்களை இனிமையாகவே விட்டுவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது வானம் மாதுளை நிறத்தில் இருந்தது. மனைவி கடைக்குப் போயிருந்தாள். ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. ஒரு யோசனை. பையை நடுவழியில் போட்டேன். செருப்பையும் அங்கேயே விட்டேன். சோபாவில் சாய்ந்து ஐபாடை எடுத்துக்கொண்டேன்.

கயல் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "அப்பா. சீரியஸ்லி?"

நான் நிமிரவில்லை.

இரண்டடி எடுத்து வைத்தாள். செருப்பு தடுக்கியது.

"ஐயோ அப்பா! நடுவழியிலயா பையைப் போடுவாங்க? எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு? அம்மா வந்து பாத்தா என்ன ஆகும்? அதைக் கீழ வைங்க முதல்ல. கை கழுவினீங்களா? காலைல இருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா இல்லையா?"

ஒரு பிழையில்லை. 'ற'வும் 'ழ'வும் அதனதன் இடத்தில். டிசம்பர் மேடையில் வராத சத்தம்... நான் அம்பில் ஏறிப் பறந்தபோதும் கேட்காத சத்தம். கோபமாகத் தொடங்கி, எனக்குப் பசிக்குமோ என்பதில் போய் முடிகிறது. நாம் பேசுவதே அப்படித்தானோ?

காற்று திரைச்சீலையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் பேசும்மா" என்றேன்.

எந்தப் பேச்சு என்று அவள் கேட்கவில்லை.