ஒரே கோட்டில் நின்ற ஜின்

மருந்துக்கடைக்காரரைத் தெருவில் எல்லோரும் மில்லி அண்ணன் என்பார்கள். மழையைக்கூட மில்லியில்தான் விசாரிப்பார். மதுவை நாக்கில் வைத்ததில்லை. ஆனாலும் சனிக்கிழமை அந்தியில் அவர் கலக்கும் ஜின்-ஆரஞ்சுக்கு ஈடில்லை என்று அவர் மைத்துனரே ஒப்புக்கொண்டிருக்கிறார். மைத்துனர் வேறெதையும் ஒப்புக்கொண்டதாகத் தகவல் இல்லை.

குடிப்பது மனைவி. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். வாரம் முழுக்க 'உம்', 'ம்ஹூம்' இரண்டிலேயே குடும்பம் நடத்துகிறவர், அந்தக் கோப்பையோடு ஜன்னலோரம் உட்கார்ந்ததும், தாம் வரைந்த, ஒருநாளும் கால் நனைக்காத ஆறுகளைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். வெளிச்சம் ஆரஞ்சுச் சாற்றின் நிறத்துக்கு வந்து, மெல்ல வெறும் தண்ணீராகும்வரை பேச்சு ஓடும். எதிரே குடிக்காத கணவர்தான் மிதந்துகொண்டிருப்பார்.

இருமல் மருந்து அளக்கும் குவளையால் அறுபது மில்லி ஜின், அப்போதே பிழிந்து வடிகட்டிய சாறு அறுபது, கை நிறைய ஐஸ், மூடி போட்ட ஜாடி. நன்றாகக் குலுக்கிக் குடிக்கச் சொல்லி ஊருக்கெல்லாம் சீட்டு ஒட்டிக் கொடுத்தவர், தாமே குலுக்குவது இங்கே மட்டும்தான். கோப்பையில் வடித்ததும் பழத்தோலில் ஒரு சீவலை அதன்மேல் முறுக்குவார். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு தூறல் விழுந்து அறையே மணக்கும். பிறகு கடைப் பழக்கம்: பாட்டிலில் ஒட்டிய வெள்ளைத் தாளில் ஜின் நிற்கும் மட்டத்துக்கு ஒரு கோடு, பக்கத்தில் தேதி.

ஒருமுறை டாக்டர் மனைவிக்குப் புது மாத்திரை எழுதினார். அடுத்த மாதத்திலிருந்து சாப்பிட வேண்டும். அதற்கும் மதுவுக்கும் ஆகாது. கடையில் தினம் பத்துப் பேருக்கு இதை எச்சரிப்பவருக்கு வீட்டில் வாய் வரவில்லை. ஜின் போனால் போகட்டும். கூடவே ஆறுகளும் போய்விட்டால்?

சொல்லாமல் குறைத்தார். அந்த வாரம் நாற்பத்தைந்து, அடுத்து முப்பது, பதினைந்து, மாத்திரை தொடங்கும் முன் பூஜ்யம். குறைந்த இடத்தைப் பழத்தோல் ஊறிய தண்ணீர் நிரப்பியது. பூஜ்ய வாரத்தில் மனைவி ஓர் ஆற்றை மலையிலிருந்து கடல்வரை கொண்டுவந்து சேர்த்தார். கிளை ஆறுகள் தனி. மில்லி அண்ணனுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

நான்காவது பூஜ்யச் சனிக்கிழமை, கலக்கும் முன் ஐஸ் எடுக்கப் போன மனைவி பாட்டிலோடு வந்தார். ஜன்னல் விளிம்பில் வைத்து, மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். கோடுகள் நெருங்கி நெருங்கி, கடைசியில் ஒரே கோட்டின் பக்கத்தில் நான்கு தேதிகள்.

"எங்க மேப்ல உயரம் காட்டுற கோடு நெருங்கினா செங்குத்து மலைங்க. உங்க பாட்டில்ல மட்டும் சமவெளி வருது."

மில்லி அண்ணன் ஜாடியின் மூடியைத் துடைத்தார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார்.

"முதல் வாரமே. டாக்டர் எங்கிட்டயும் சொன்னாரு. நானா வேணாம்னா, பாவம், உங்களுக்குக் குலுக்க ஒண்ணும் இல்லாம போயிடுமேன்னு யோசிச்சிட்டிருந்தேன். அதுக்குள்ள நீங்களே திருட ஆரம்பிச்சிட்டீங்க."

மருந்துக்கடைக்காரர் ஓர் ஆரஞ்சை எடுத்து நறுக்கினார்.

"போன வாரம் ஒரு ஆத்தைப் பாதியில விட்டியே?"

"அது இன்னும் அங்கேயேதான் நிக்குது. குலுக்குங்க, சொல்றேன்."

குலுக்கினார். தோலை முறுக்கினார். பிறகு பேனாவை எடுத்து, அதே கோட்டுக்கு ஐந்தாவது தேதியைப் போட்டார்.