மீன் ஏற ஒரு முற்றம்

உதியன்குளங்கரையில் பஸ் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஏலா வரும். வயல்வெளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அப்போதெல்லாம் இடவ மாதத்தில், அதாவது வைகாசியில், முதல் மழை கொட்டி ஓய்ந்த காலையில் அங்கே மீன் ஏறும். ஓடையில் கிடக்கும் கல்லேமுட்டி மீன், வயிறு நிறைய முட்டையோடு, செவுளை ஊன்றி ஊன்றி வரப்பில் ஏறி, வயலில் ஆழமில்லாமல் தேங்கிய வெள்ளத்தைத் தேடி வரும். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரம்புக் கூடையோடு இறங்குவார். திரும்பி வரும்போது தலைமுடியில்கூடச் சேறு இருக்கும். அதற்குள் நான் தேங்காய் அரைத்து, மாங்காய் நறுக்கி வைத்திருப்பேன்.

பிறகு செங்கல் சூளைக்கு மண் எடுத்து ஏலா முழுக்கக் குழியாயிற்று. எங்கள் வயலும் அதில் போனது. என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். குழிகளில் செம்மண் தட்டி நிரப்பி வீடு வைப்பார்கள் என்றுதான் நினைத்தேன். தொண்ணூறுகளில் எங்கே பார்த்தாலும் அதுதான் நடந்தது.

அந்த இடத்தை வாங்கியவர் வளைகுடாவிலிருந்து திரும்பிய ஓர் எஞ்சினியர். அவர் ஒரு குழியையும் மூடவில்லை. மேட்டில் மட்டும் வீடுகள் கட்டினார். தூர்ந்து கிடந்த ஓடையைத் திறந்தார். அடுக்களைத் தண்ணீர் ஏலாவில் விழாமல் வாழைக்குழிக்குப் போக வழி செய்தார். கரையெல்லாம் தாழை நட்டார். என் மகன் துபாயிலிருந்து பணம் அனுப்பி அதில் ஒரு வீடு வாங்கினான். ஏலாவை ஒட்டிய கடைசி வீடுதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

குழிகளில் வெள்ளம் தேங்கி நின்றது. ஆம்பல் வந்தது, குளக்கோழி வந்தது. மீன் மட்டும் ஏறவில்லை. ஒவ்வொரு இடவத்திலும் முதல் மழைக்குக் காது கொடுத்துக்கொண்டு இருப்பேன். ஒரு வருடம் பொறுக்காமல் குடையோடு போய்ப் பார்த்தேன். மீன் உண்டு. கரையைச் சுற்றிக் கட்டியிருந்த கருங்கல் கெட்டுச் சுவரில் முட்டி முட்டிக் கீழே விழுந்துகொண்டிருந்தது.

அந்தக் கெட்டு வேண்டாம் என்று எஞ்சினியர் முதலிலேயே சொன்னவர். பாம்பு ஏறும், பிள்ளைகள் விழும் என்று வீட்டுக்காரர்கள்தான் கேட்டு வாங்கினோம். இப்போது நானே போய் அதை உடைக்கச் சொன்னேன். உடைக்கலாம், ஆனால் உடைத்த இடத்து முற்றத்தில் மழைக்காலம் முழுக்க வெள்ளம் நிற்கும், அதற்கு யார் சம்மதிப்பார் என்று வீட்டுக்காரர்களைக் கூட்டிக் கேட்டார். எல்லோரும் அடுத்தவர் முற்றத்தைப் பார்த்தார்கள்.

"எனக்க முற்றத்துல ஒடையுங்க சாரே" என்றேன்.

என் மருமகள் அங்கேதான் வெண்டையும் கீரையும் போட்டிருந்தாள். அவள் முகம் வாடிப்போயிற்று.

"வெள்ளம் அடுக்களைக்கு வந்தா என்ன செய்விய மாமி?"

"காலை நனைச்சிட்டுச் சோறு பொங்கணும். அவ்வளவுதானே மக்கா."

மறுநாள் அவள் வெண்டைச் செடிகளை வேரோடு பெயர்த்து மேட்டில் கொண்டுபோய் நட்டாள். கெட்டை உடைக்க வந்த கொத்தனார், கட்டினதும் நானாக்கும், உடைக்கதும் நானாக்கும் என்று சிரித்துக்கொண்டே சுத்தியலை எடுத்தார். அந்த இடத்தை அகலமாக, சரிவாக வெட்டிவிட்டுப் போனார்.

அடுத்த இடவம். விடியற்காலை மழை விட்டதும் வாசலில் ஈரத்துணியை அடித்தது போல ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. கதவைத் திறந்தேன். கணுக்கால் அளவு வெள்ளத்தில், முற்றம் முழுக்கக் கறுத்த முதுகுகள். நான் அப்படியே இறங்கி நின்றேன். காலில் உரசிக்கொண்டு போயின.

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். பாம்பு ஏறும் என்று அதிகம் பயந்த அடுத்த வீட்டுக்காரர் பெரிய பானையோடு முன்னால் நின்றார்.

"இந்த வருசம் ஒருத்தரும் பிடிக்காண்டாம்" என்றேன். "இப்பத்தான் வழி கண்டு வந்திருக்கு."

எனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். பானையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

கூடையோடு ஒருவர் பின்கட்டிலிருந்து வருவார் என்று என் கண் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

மத்தியானம் பொழியூரிலிருந்து மீன் கொண்டுவரும் பெண்ணிடம் சாளை வாங்கினேன். முற்றத்தில் இத்தனை மீனை வைத்துக்கொண்டு கடல்மீன் வாங்குகிறீர்களே என்று அவள் கேலி செய்தாள். தேங்காய் அரைத்து, மாங்காய் நறுக்கிப் போட்டேன். மருமகள் நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது. வெளியே கல்லேமுட்டி துள்ளுகிற சத்தத்தைக் கேட்டபடியே சாப்பிட்டேன்.