நடுக்கடலில் காக்காய் தேடினோம்

போன சனிக்கிழமை மத்தியானம், லூமுட்டுக்கு அப்பால் கடலில், ஒரு சின்ன பாய்மர யாட்டில் நின்றுகொண்டு நாங்கள் ஆறு பேர் காக்காய் தேடிக்கொண்டிருந்தோம்.

ஆமாம், காக்காய்தான். ஈப்போவில் என் வீட்டுக் குப்பைத்தொட்டியைத் தினமும் கிளறிவிட்டுப் போகிறதே... அதே காக்காய். அதைப் பார்க்க ஆளுக்கு ஒரு பைனாகுலர். போதாததற்கு ஒரு பல் டாக்டரின் கையில் பீரங்கி சைஸில் ஒரு கேமரா.

சிரிப்பு வருகிறதா? எனக்கு அப்போது வரவில்லை. காலையிலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடாத அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் அக்கா சரோஜா கமுந்திங்கில் இருக்கிறாள். அவள் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அங்கே தொழிற்பேட்டையில் லாரி ஓட்டியவர். போன வருஷக் கடைசியில் தவறிப்போனார். அதற்குப் பிறகு அக்கா எங்கேயும் போவதில்லை. கல்யாணம் இல்லை, கோயில் இல்லை, தீபாவளிக் கடைத்தெரு இல்லை. போன் பண்ணினால், "ம்... இருக்கேன்லா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

மாமா தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை — நேரத்துக்கு வரமாட்டார். கல்யாணத்துக்குப் போனால் தாலி கட்டி முடிந்த பிறகு வருவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று மணிக்கு மேல். அக்கா சோற்றை மூடி வைத்துவிட்டு, வாசலைப் பார்த்துத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். நாமாவது சாப்பிடலாமே என்றால் முறைப்பாள். அவருக்கு முன்னால் அவள் ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

இவளை எப்படியாவது வெளியே இழுத்துவர வேண்டுமே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் வாட்ஸ்அப்பில் அந்த விளம்பரம் வந்தது. சின்ன யாட், நாலே நாலு பயணிகள். லூமுட்டில் ஏறி, ஒன்பது தீவுகள் இருக்கிற பூலாவ் செம்பிலானைச் சுற்றிவிட்டு மறுநாள் திரும்பலாம். கடல் கழுகு, டால்பின், இருவாச்சி எல்லாம் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக — நிலா இல்லாத இரவில் அலை நீலமாக ஒளிர்வதைப் பார்க்கலாம்!

நிலா இல்லாத இரவு... ஆகா! படித்ததும் மனசு பறந்தது. உடனே புக் பண்ணிவிட்டேன். நிலா இல்லாத இரவுக்கு நம் வீடுகளில் என்ன பெயர் என்று ஒரு நொடி யோசித்திருக்க வேண்டாமா? பத்திரிகையில் பத்தி எழுதுகிறேன் என்று பெயர்தான். மூளை அன்றைக்கு லீவு.

முதல் நாள் சாயங்காலமே அக்கா என் வீட்டுக்கு வந்துவிட்டாள். விடியற்காலையில் எழுந்து என் சமையலறையில் சாம்பார் கொதிக்கிறது, வாழைக்காய் பொரிகிறது, உளுந்து வடை வேகிறது. எனக்குச் சந்தேகம் வந்ததா? வரவில்லையே! கேமரன் மலைக்குப் போனாலும் புளிச்சோறு கட்டிக்கொண்டு போகிற கூட்டம்தானே நாம்.

லூமுட் ஜெட்டிப் படகுத்துறையில் கேப்டன் அஸ்மான் கை கொடுத்து ஏற்றிவிட்டார். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். படகைத் தன் வீட்டு வரவேற்பறை மாதிரி துடைத்து வைத்திருந்தார். எங்களுக்குக் கொடுத்த அறை, என் துணி அலமாரியைவிடக் கொஞ்சம் சின்னது. அக்கா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு ஆளு படுக்கணும்னா இன்னொரு ஆளு நிக்கணும் போலருக்கே" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் கேலி பேசிக் கேட்கிறேன். போட்ட காசு வசூலாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கூட வந்த மற்ற இரண்டு பேர், ஈப்போ பல் டாக்டர் வோங்கும் அவர் மனைவியும். டாக்டர் பறவைப் பைத்தியம். பூலாவ் செம்பிலானில் கடல் கழுகின் கூட்டைப் படம் எடுப்பதற்கென்றே வந்திருந்தார்.

எங்களுக்கு வழிகாட்டி தர்ஷினி. தைப்பிங் பெண், இலங்கைத் தமிழ்க் குடும்பம், உயிரியல் படித்தவள். படகு கிளம்பியதும் சட்டத்தைச் சொல்லிவிட்டாள்.

"ஆண்ட்டி, அங்கிள், எல்லாரும் கேட்டுக்குங்க. ஒரு சோத்துப் பருக்கைகூட வெளிய போடக்கூடாது. பறவை, மீன், எதுக்கும் சாப்பாடு குடுக்கக் கூடாது. நம்ம கையில தின்னு பழகிட்டா அதுங்களுக்கு இரை தேடவே மறந்து போயிரும்."

"சரிம்மா" என்றாள் அக்கா. டிபன் கேரியரை மடிக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் தலைக்கு மேலே ஒரு கருடன் வட்டமிட்டது. அக்கா எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்த மிஸஸ் வோங்கும் பட்டென்று எழுந்து தன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பறவை பார்க்கிறவர்களுக்கு அதுதான் முறை என்று நினைத்துவிட்டாரோ என்னவோ!

கேப்டன் எல்லாருக்கும் நாசி லெமாக் பொட்டலம் நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

"ஏன்க்கா, தலை சுத்துதா?"

"இல்லலா."

"அப்புறம் என்ன? இனிப்பு நீர் வியாதிய வச்சிக்கிட்டுப் பசியாறாம இருக்கலாமா?"

அக்கா கடலைப் பார்த்தபடி சொன்னாள். "இன்னைக்கு அமாவாசை விமலா."

நான் பொட்டலத்தைக் கீழே வைத்தேன்.

மாமா போனதிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் அக்கா விரதம். உச்சிப் பொழுதில் படைத்து, காக்காய்க்கு வைத்து, காக்காய் எடுத்த பிறகுதான் தண்ணீர்கூட. அது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் இந்த லட்சணம்.

"தெரிஞ்சிதான் வந்தியா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல!"

"நீ எவ்ளோ ஆசையா புக் பண்ண... சொன்னா கேன்சல் பண்ணிருவ. எங்க போனாலும் ஒரு காக்கா இருக்காதான்னு நெனச்சிட்டேன்."

நியாயம்தானே? காக்காய் இல்லாத ஊர் ஏது? ஜெட்டியில்கூடக் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. ஆனால் உச்சிப் பொழுதில் நாங்கள் இருந்த இடத்தில் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். தூரத்தில் பச்சைப் பொட்டுகளாகத் தீவுகள். மேலே ஒரே ஒரு பறவை. வெள்ளை வயிறும் அகன்ற சிறகுமாக ஒரு கடல் கழுகு. டாக்டர் வோங் ஆனந்தத்தில் படம் எடுத்துத் தள்ளினார்.

அக்கா வாழையிலைத் துண்டை விரித்துச் சோறு, சாம்பார், வாழைக்காய், வடை எல்லாம் வைத்துவிட்டாள். காக்காய்க்கு எங்கே போவது?

"அக்கா, அதுவும் பறவதானே? கழுகுக்கு வச்சா ஆகாதா?"

"ஒங்க மாமா கழுகா வருவாரா? அவரு என்ன அவ்ளோ பெரிய ஆளா?" என்றாள். சொல்லிவிட்டுத் தலை சுற்றுகிறது போலப் பாய்மரத்தில் சாய்ந்துகொண்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ மயங்கி விழுந்தா நடுக்கடல்ல நான் என்ன பண்ணுவேன்? இந்த ஒரு தடவ சாப்பிடு. மாமா ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு."

அக்கா இலையின் ஓரத்தைச் சரிசெய்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில நர்ஸ் சொன்னிச்சி... ஆண்ட்டி, காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல, கீழ கேண்டீனுக்குப் போய்ட்டு வாங்கன்னு. போனேன். ஒரு ரொட்டி சானாய்தான் சாப்ட்டேன். திரும்பி வர்றதுக்குள்ள போயிட்டாரு. எல்லா நாளும் காத்திருந்தவ, அந்த ஒரு நாளுதான் அவருக்கு முன்னாடி சாப்ட்டேன் விமலா. இனிமே அது என்னால முடியாது."

இத்தனை மாதமாக இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மிஸஸ் வோங் பக்கத்தில் வந்தார். என்ன விஷயம் என்று மலாயில் கேட்டார். சொன்னேன். சிரிப்பாரோ என்று ஒரு பயம். அவர் சிரிக்கவில்லை. தங்கள் வீட்டிலும் செங் பெங் நாளில் கல்லறைக்குப் போய்ச் சாப்பாடு படைப்பதாகவும், இறந்துபோன பெரியவர்கள் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் தொட முடியும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டுக் கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

கேப்டனுக்கும் விஷயம் போனது. பங்கோர் தீவில் மீன் இறக்குகிற பக்கம் காக்காய் நிறைய உண்டு, திரும்பிப் போகலாம் என்றார். ஆனால் போனால் இன்றைக்குக் கழுகின் கூட்டைப் பார்க்க முடியாது. நாளைக் காலையில் வெளிச்சம் எப்படி இருக்குமோ, சொல்ல முடியாது.

எல்லாரும் டாக்டர் வோங்கைப் பார்த்தோம். அவர் தன் பீரங்கியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அப்புறம் கேப்டனிடம் கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். திருப்பு!

அக்கா பதறிப்போய் வேண்டாம் வேண்டாம் என்றாள். கேப்டன், "தாக் அப்பா, காக்" என்றார். பரவாயில்லை அக்கா என்கிற அந்த வார்த்தையை நான் இந்த நாட்டில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அழுகை வந்தது.

அப்படித்தான் ஆறு பேரும் காக்காய் தேட ஆரம்பித்தோம். நடுவில் ஒரு வேடிக்கை. படகின் இடது பக்கம் டால்பின்கள் கூட்டமாகத் துள்ளின. தர்ஷினி பழக்கதோஷத்தில் "டால்பின்! டால்பின்!" என்று கத்தினாள். ஒருவரும் திரும்பவில்லை. டாக்டர் வோங் கேமராவை வலது பக்கக் கரையிலிருந்து எடுக்காமலே, அப்புறம் அப்புறம் என்று கையை ஆட்டினார். பாவம் டால்பின்கள். அவற்றுக்கு இப்படி ஒரு அவமானம் இதற்கு முன்னால் நடந்திருக்காது.

பங்கோர் நெருங்கியதும் முதலில் பார்த்தவரும் டாக்டர் வோங்தான். "காகாக்! காகாக்!" என்று மலாயில் கத்தினார். மீன்பிடிப் படகுகளின் கயிறுகளில், தூண்களில், கூரையில்... எங்கு பார்த்தாலும் கறுப்பு.

இப்போது இன்னொரு சிக்கல். சட்டம்! நாங்கள் எல்லாரும் தர்ஷினியைப் பார்த்தோம். அவள் முகத்தில் பெரிய போராட்டம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு டீச்சர் மாதிரி பேசினாள்.

"நான் சொன்னது இந்த இடத்துக்குச் சொந்தமான பறவைங்களுக்கு. இந்த வீட்டுக் காக்கா இந்த நாட்டுதே இல்ல ஆண்ட்டி. வெள்ளக்காரன் காலத்துல தோட்டத்துல புழு தின்னுறதுக்குன்னு கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்தாங்களாம், சிலோன்லருந்து. அதனால... போட் கூரை மேல வைங்க. தண்ணில மட்டும் போட்டுறாதீங்க."

அக்கா கண்ணை விரித்தாள். "தோட்ட வேலைக்கா? கப்பல்லயா?"

"ஆமா ஆண்ட்டி."

"அட... அப்ப நம்ம ஆளுலா!"

நான் விடுவேனா? "சிலோன்லருந்துன்னா ஒங்க ஆளுன்னுதான் சொல்லணும் தர்ஷினி" என்றேன்.

"சரி, பாதி பாதி வச்சிக்குவோம்" என்று அவள் சிரித்தாள்.

அக்கா இலையைக் கூரைமேல் வைத்துவிட்டு, "கா... கா..." என்று கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. ஒரு காக்காயும் திரும்பவில்லை. ஏன் திரும்ப வேண்டும்? எதிரே கூடை கூடையாக மீன். வெங்காயம்கூடப் போடாத சாம்பார் சோற்றுக்கு எந்தக் காக்காய் வரும்?

அக்கா திரும்பவும் கூப்பிட்டாள். கேப்டன் என்ஜினை நிறுத்தினார். மிஸஸ் வோங்கும் "கா... கா..." என்று சேர்ந்துகொண்டார். அப்புறம் நான், தர்ஷினி, கேப்டன்... மீன் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் வழி தவறி இங்கே வந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்! நாங்கள் நிறுத்தவில்லை.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. மணி மூன்றைத் தாண்டியது. எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அப்போது ஒரு காக்காய், கழுத்தோரம் இறகு கலைந்த ஒன்று, மீனையெல்லாம் விட்டுவிட்டு சாவகாசமாகப் பறந்து வந்து எங்கள் கூரையில் இறங்கியது. தலையைச் சாய்த்து அக்காவைப் பார்த்தது. இலையைச் சுற்றி ஒரு நடை நடந்தது. பிறகு முதல் வேலையாக வடையைக் கவ்வியது.

டாக்டர் வோங்கின் கேமரா மட்டும் விடாமல் சொடுக்கியது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். எங்கள் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுத் தானும் சாப்பிட்டாள். நிதானமாக, இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டு. அவள் அப்படிச் சாப்பிட்டு எத்தனை மாதம் ஆயிற்று!

அன்றைக்கு இருட்டியதும் நீல அலையைப் பார்த்தோம். மறுநாள் காலையில் கழுகுக் கூடும் கிடைத்தது. எல்லாம் விளம்பரத்தில் சொன்னபடி அழகுதான். ஆனால் டாக்டர் வோங் இப்போது எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருப்பது அந்தக் காக்காய்ப் படத்தைத்தான். யார் எதற்காகக் காத்திருக்கிறார்களோ, அவர்களுக்கு அதுதானே அபூர்வப் பறவை?

லூமுட் ஜெட்டியில் இறங்கும்போது சிங்கப்பூரில் இருக்கிற அக்கா மகன் போன் பண்ணினான். ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது.

"நேத்து அமாவாசையாச்சேம்மா... கடல்ல காக்கா வந்துச்சா?"

அக்கா சிரித்தாள்.

"வந்தாருலா... எப்பவும் போல லேட்டு."