றெஜினா நூற்ற நூல்

"அன்ரி, அம்மா விடிய ஆறு மணிக்குப் போயிட்டா" என்று றெஜினாவின் மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் பேருந்துக்காக நின்றிருந்தேன். பேருந்து வந்தது, கதவு திறந்து மூடியது, போய்விட்டது. நான் ஏறவில்லை. மாலைக்குள் பலர் முகநூலில் அவளைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார்கள். கைராசிக்காரி, பொறுமைசாலி, எங்கள் பெண்களுக்கு நெசவு பழக்கியவள். வாசிக்க வாசிக்க எனக்குப் பழைய எரிச்சல் மூண்டது. செத்தவள்மேலும் பொறாமை வருமென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவளை அறிந்த உங்களுக்கு, நீங்கள் அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1986இல் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகர அகதி விடுதியில் நானும் அவளும் ஒரே அறை. நான் யாழ்ப்பாணம், அவள் மன்னார். நடுவில் ஓர் இரும்பு அலுமாரிதான் சுவர். வேலை செய்ய அனுமதி இல்லை. நகர எல்லையைத் தாண்டவும் கடிதம் வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் தேவாலய மண்டபத்தில் எல்கே என்ற ஓய்வுபெற்ற நெசவு ஆசிரியை கம்பளி நூற்கவும் பின்னவும் பழக்கினார். பள்ளிக்கூடத்திலேயே பின்னல் பழகியிருந்த நான் முதலில் போனேன். "தனிய இருந்து யோசிச்சு என்ன செய்யப்போறீர், வாரும்" என்று அவளை இழுத்துப் போனதும் நான்தான்.

கழுவாத கம்பளியை மேசையில் கொட்டியதும் அவள் மூக்கைப் பொத்தினாள். "ஐயோ, ஆட்டோட படுத்தமாதிரிக் கிடக்கு." பின்னல் ஊசி அவள் கையில் நிற்கவே இல்லை. அவள் பின்னிய கழுத்துத்துணி போகப்போக அகன்று முறம்போல் ஆனது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

நான்காம் வாரம் எல்கே எங்களை இராட்டைக்கு முன்னால் உட்காரவைத்தார். என் நூல் ஓரிடத்தில் கயிறாகத் தடித்தது, அடுத்த சாணில் அறுந்தது. அவளுடையது ஒரே சீராக ஓடியது. எல்கே அதைத் தூக்கிப் பிடித்து எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். எப்படி என்று கேட்டேன். "இழுக்காதையும். அது வரேக்க விடும்" என்றாள். அவ்வளவு இலகுவாக அவள் சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பிறகு வேறொரு நகரத்துத் தறிக்கூடத்தில் மூன்று வாரப் பயிற்சிக்கு ஓர் இடம் கிடைத்தது. எல்கே றெஜினாவின் பெயரைக் கொடுத்தார். பயண அனுமதிக்கு அலுவலகத்தில் டெர்மின், அதாவது நேரில் வரவேண்டிய நாளும் நேரமும், குறித்துக் கடிதம் வந்தது. விடுதிக்கு வரும் கடிதங்களை எல்லோருக்கும் வாசித்துச் சொல்வது நான். செவ்வாய் பத்து மணி என்றிருந்தது. "வியாழக்கிழமை" என்றேன்.

செவ்வாய்க்கிழமை நானே போனேன். அலுவலக வாசலில் றெஜினாவுக்காகக் காத்திருந்த எல்கேயிடம், "றெஜினாவுக்கு விருப்பமில்லை, நான் போகிறேன்" என்று என் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். உள்ளே என் பெயரில் அனுமதிக் கடிதம் எழுதித் தந்தார்கள். புதன் விடியவே ரயில் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பியபோது அவள் பொதுச் சமையலறையில் வெங்காயத் தோலை அவித்துக் கம்பளிக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"கடிதத்தில செவ்வாய் எண்டுதான் கிடக்கு. அகராதி எடுத்துப் பாத்தனான். ஏன் செய்தனீர்?"

"உம்மட நூலைப் பாத்துத்தான்."

அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பொறாமையெண்டால் என்னட்டச் சொல்லியிருக்கலாம். இடத்தை நான் தந்திருக்க மாட்டன். ஆனா நேருக்கு நேர் சண்டை பிடிச்சிருப்பம்."

இரண்டு மாதம் அலுமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஒருநாள் எல்கேயிடம் இரவல் வாங்கிய சிறு தறியை என் கட்டிலில் வைத்தாள். "படிச்சதெல்லாம் காட்டும். ஒண்டும் ஒளிக்கக் கூடாது." தறியில் பாவு நூல் கட்டுவதிலிருந்து எல்லாம் காட்டினேன், துணியின் ஓரம் உள்ளே இழுபடாமல் பார்க்கும் விதத்தை மட்டும் தவிர. அதை மறுநாளே அவளாகக் கண்டுபிடித்தாள். எனக்கு மூன்று வாரம் எடுத்தது அவளுக்கு நான்கு பின்னேரம்.

பின்னாளில் அவள் நடத்திய வகுப்புகளில் என்னை எழுப்பி நிறுத்தி, "எனக்குத் தறி காட்டினது இவதான்" என்பாள். வேறெதையும் யாரிடமும் சொன்னதில்லை. சில நாள் அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன், சில நாள் பழிவாங்கல் என்று. இன்றும் தெரியவில்லை.

போன மாதம் மருத்துவமனையில் அவள் கைகள் நடுங்கின. நூற்கும் தக்களி ஒன்றையும் கொஞ்சம் கம்பளியையும் என்னிடம் தந்து நூற்கச் சொன்னாள். நூற்றேன். கண்ணை மூடியபடி நூலை விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தாள்.

"இப்ப என்னைவிட நல்லா வருது" என்றாள்.

அவள் நெய்த சால்வைகள் உங்களில் பலரிடம் இருக்கின்றன. என்னிடம் ஒன்றுகூட இல்லை, கேட்க என் கர்வம் விடவில்லை. அவள் கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தையை வைத்திருக்கிறேன். அது உண்மையில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.