லாரியும் ட்ரக்கும்

ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியின் மாடியில் இரண்டு மேசைகள் எதிரெதிரே கிடந்தன. ஒன்றில் பிரிட்டிஷ் கடைகளின் ஆர்டர்களைக் கவனிக்கும் ஒல்லி மனிதர். மற்றதில் அமெரிக்க ஆர்டர்களுக்காகப் புதிதாகச் சேர்ந்திருந்த இவள், ஒரு பஸ் கண்டக்டரின் கடைசி மகள். சரக்கு கிளம்பியதும் அவர் போனில் ‘லாரி’ புறப்பட்டுவிட்டது என்பார். அதே வண்டியை இவள் ‘ட்ரக்’ என்பாள். பேக்கிங் ஆட்கள் சும்மா விடுவார்களா? அவருக்கு லாரி, இவளுக்கு ட்ரக் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இவள் பள்ளியில் படித்த இங்கிலீஷ் வேறு, வேலையில் காதில் விழுந்தது வேறு. அவளிடம் சரக்கு வாங்கும் பையர் அம்மாள் அமெரிக்காவிலிருந்து பேசினால், வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுவதுபோல் இருக்கும். எடுத்ததற்கெல்லாம் ‘ஆசம்’, அதாவது பிரமாதம். எதிர் மேசைக்காரரின் பிரிட்டிஷ் பையரோ, ஆர்டரை ரத்து செய்யும்போதுகூட நாலு முறை ‘சாரி’ சொல்லுவார்.

அக்கா கல்யாணத்துக்கு இவள் லீவு போட்ட வாரத்தில் பையர் அம்மாள் போன் செய்து, ‘வெஸ்ட்’ சாம்பிள் வேண்டும் என்றாள். போனை எடுத்த லாரி, அவருக்குத் தெரிந்த பிரிட்டிஷ் அர்த்தப்படி, டெய்லரிடம் சொல்லி அழகான வெள்ளை பனியன்களாகத் தைத்து அனுப்பிவிட்டார். அந்த அம்மாள் கேட்டது சட்டைக்கு மேலே போடும், பட்டன் வைத்த கையில்லாத கோட்டு. லீவு முடிந்து வந்தவளுக்கு முதலாளியின் அறையில் அர்ச்சனை நடந்தது. பனியனைத் தூக்கிக் காட்டி, இதைப் போட்டுக்கொண்டு அங்கே யார் விருந்துக்குப் போவார்கள் என்று கேட்டார் முதலாளி.

இவள் எதிர் மேசையை நிமிர்ந்தே பார்க்கவில்லை. சாயங்காலம் அவரே இரண்டு டீயோடு வந்து நின்றார்.

“தப்பு என்னோடதுதான். முதலாளிகிட்ட சொல்லிட்டேன். ஆனா உங்க ஆளுங்க பேசறது எனக்குப் புரியலைங்க. கொஞ்சம் சொல்லிக் கொடுங்க.”

“எனக்கு மட்டும் உங்க ஆளுங்க பேச்சு புரியுதா?” என்றாள் இவள். டீயை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரமெல்லாம் அதே பேச்சுதான். அவருடைய ஆட்களுக்கு ‘பேண்ட்ஸ்’ என்றால் உள்ளே போடும் ஜட்டி என்று கேட்டதும் இவளுக்குப் புரையேறிவிட்டது. முந்தின மாதம்தான் அந்தப் பிரிட்டிஷ் பையர் கம்பெனிக்கு வந்தபோது, உங்கள் பேண்ட்ஸ் நன்றாக இருக்கிறது என்று மரியாதைக்குச் சொல்லி வைத்திருந்தாள். அவர் முகம் ஏன் அப்படிச் சிவந்தது என்பது இப்போதுதான் விளங்கியது.

பேசப் பேச ஒட்டிக்கொண்டது. அவர் ‘ஆசம்’ என்று சொல்ல ஆரம்பித்தார். இவள் வாயில் ‘லவ்லி’ வந்தது.

ஒருமுறை பையர்கள் கூடிய கூட்டத்தில் இவள் முதல்முறையாக எழுந்து பேசினாள். வெளியே வந்ததும், எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டாள். ‘க்வைட் குட்’ என்றார். இவளுடைய அமெரிக்கர்கள் பேச்சில் அதற்கு ரொம்ப நன்றாக இருந்தது என்றல்லவா அர்த்தம்! அந்த வாரம் முழுக்க இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த வாரம் பிரிட்டிஷ் பையர் ஒரு சட்டையைப் புரட்டிப் பார்த்து, அதே ‘க்வைட் குட்’டைச் சொல்லிவிட்டு ஆர்டர் தராமல் போனார். லாரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர்கள் அப்படிச் சொன்னால் சுமார் என்றுதான் அர்த்தமாம்.

இவள் முகம் வாடிவிட்டது. “அப்போ அன்னைக்கு என்னைச் சொன்னது?”

அவர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். “அது உங்க ஆளுங்க பாஷைல சொன்னது.”

அதற்குப் பிறகு வேறு யாரையும் அவள் மனம் நினைக்கவில்லை. ஒரே ஆபீசில் வேலை பார்ப்பவனா என்று அக்கா மூக்கைச் சுளித்தாள். அப்பாதான், பனியன் தப்பைத் தானே ஒத்துக்கொண்ட பையன் பொய் சொல்ல மாட்டான் என்று முடித்து வைத்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு குடியேறிய இரண்டு அறை வீட்டை அவர் ‘ஃப்ளாட்’ என்பார், இவள் ‘அபார்ட்மெண்ட்’ என்பாள். மகள் பள்ளிக்கூடத்தில் ‘கலர்’ என்ற சொல்லை ஒருநாள் அப்பா சொன்னபடி ‘யூ’ போட்டும், மறுநாள் அம்மா சொன்னபடி ‘யூ’ இல்லாமலும் எழுதினாள். டீச்சர் இருவரையும் வரச்சொல்லி, தயவுசெய்து வீட்டில் ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். பள்ளி வழக்கப்படி ‘யூ’ போடுவதென்று முடிவாயிற்று. அவர் ஜெயித்துவிட்டாராம், வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டே வந்தார்.

கம்பெனி வேறு கைக்கு மாறியது. இருவரும் ஓய்வு பெற்றார்கள். போன வருஷம், ஒருநாள் கூடப் படுக்கையில் கிடக்காமல், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சேதி எப்படியோ எட்டி, அந்த அமெரிக்க அம்மாள் போன் செய்தாள். குரல் தளர்ந்திருந்தது. துக்கம் விசாரித்துவிட்டு, ஒன்று சொல்ல வேண்டும் என்றாள். இவள் பிரசவ லீவில் இருந்த மாதங்களில் அவர்தானே அமெரிக்க மேசையையும் பார்த்தார்? அப்போது இரண்டு வாரம் என்பதற்கு, அவருடைய பிரிட்டிஷ் வழக்கத்தில், ‘ஃபோர்ட்நைட்’ என்றே சொல்வாராம். அமெரிக்காவில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஆனால் அந்தச் சொல் தன்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது, இன்றுவரை விடவில்லை, இங்கிலாந்தில் பிறந்தீர்களா என்று மருந்துக்கடையில்கூடக் கேட்கிறார்கள் என்று சிரித்தாள்.

இவளும் சிரித்துவிட்டாள். அவர் போனபின் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. சமையலறையிலிருந்து மகள் ஓடி வந்து பார்த்தபோது, அம்மா ரிசீவரைக் காதில் வைத்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“யாரும்மா?”

இவள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள். “அப்பாவைத் தெரிஞ்சவங்க. நீ போய்ச் சாப்பிடு, நாங்க கொஞ்ச நேரம் பேசணும்.”